பெண்ணைக்கரையில் யோகநெறி

யோகம் என்னுஞ் சொல் இந்நாளில் பெற்றுள்ள பரவுதலை முன்னெந்நாளினும் பெற்றதில்லை எனலாம். நகரங்களிலன்றிச் சிற்றூர்களிலும், சனி ஞாயிறு ஆகிய ஓய்வுநாள் இரண்டிலே ஊரார் ஒருங்குகூடிக் காலையில் ஆசனமும் மூச்சுப்பயிற்சியும் பழகுதலும், பிற்பகலில் யோக தத்துவத்தைப் பற்றி ஒருவர் சொல்லக் கேட்டலும் வழக்கமாகி வருகின்றன. இவ்வழக்கம் வரவேற்கத்தக்கதே. உடம்பை ஓம்பவும் மனத்தை ஒருநிலைப்படுத்தவும் விரும்பி ஓரூரார் ஓரிடத்திற் கூடுவரேல் அதனைச் சைவர் வெறுத்தற்கு யாதொரு காரணமும் இல்லை. ஆயினும் அப்பிற்பகற் சொற்பொழிவுகள் பதஞ்சலி முனிவர் செய்த சூத்திரத்தில் தொடங்கி, அங்கிருந்து ஒரே தாவாக 1893-ஆம் ஆண்டிற் சிகாகோ நகரிற் கூடிய சர்வ சமயப் பேரவைக்கு வந்து சேர்வதையே நாம் பெரும்பாலும் கேட்கின்றோம். இடைப்பட்ட நெடுங்காலத்திலே தமிழ்நாட்டில் யோகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் நினைந்திலர், செய்திலர் என்று கேட்போர் எண்ணிப் போகின்றனர். இஃது ஒருபாற் குறை. மற்றொருபால், நம்மவருள்ளேயே சிலர், "யோகமாவது மூக்கைப் பிடித்தலும் முதுகை வளைத்தலுமாம், பூசையும் பதிகமும் உடைய நமக்கு அஃது எற்றுக்கு?" என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விருதிறத்தாரும் மறந்தது ஒன்றே. அதனை ஓர் ஊரை முன்வைத்து, ஓர் ஆற்றின் வழியே சென்று காட்டுதல் இக்கட்டுரையின் கருத்து.

அவ்வூர் மூங்கில்துறைப்பட்டு. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரித்தமைக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்திலே தென்பெண்ணையாற்றின் கரையில் உள்ளது. மேற்றிசையிற் கல்வராயன் மலை. ஆற்றின் மேற்பாற் சாத்தனூர் அணை. ஊரைச் சூழக் கரும்பு. கரும்புக்கு ஏற்பக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. இன்று வெளியூரார் இவ்வூரை அறிவது பெரும்பாலும் அவ்வாலையினாலேயே. இது தேவாரப் பாடல் பெற்ற தலமன்று. புராணங் கூறும் பதியுமன்று. ஆயினும் இங்கிருந்து பெண்ணை ஓடும் வழியே கீழ்நோக்கிச் செல்வார்க்குத் திருக்கோவலூர், அறையணிநல்லூர், திருவெண்ணெய்நல்லூர், திருத்துறையூர் என்னும் பதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். இந்நான்கனையும் நீக்கிவிட்டுத் தமிழ்நாட்டுச் சைவ யோகத்தின் வரலாற்றை எழுத இயலாது. இங்ஙனமாகவும், இவ்வாற்றின் கரையிலே ஒரு யோகக் கூட்டம் கூடிப் பதஞ்சலியாரை மட்டும் கேட்டுப் பிரியுமாயின், அஃது ஆற்றங்கரையிலிருந்து கொண்டு நீருக்கு வெளியூர் செல்வதை ஒக்கும்.

சாத்தனூர் என்றவுடன் அன்பர் சிலர்க்குத் திருமூலநாயனார் நினைவு வருதல் கூடும். மயங்கற்க. 1958-ஆம் ஆண்டில் முடிவுற்ற அணையினை உடைய சாத்தனூர் வேறு. மூலன் என்னும் இடையன் ஆநிரை மேய்த்த சாத்தனூர் காவிரி நாட்டிலே திருவாவடுதுறைக்கு அணித்தாக உள்ளது. ஆயினும் பெயரொற்றுமை நன்றே செய்தது. ஏனெனில் பெண்ணைக்கரைப் பெரியோரைப் பற்றிப் பேசுமுன் திருமூலரைப் பற்றிச் சிறிது பேசியே தீர வேண்டும்.

திருக்கயிலையினின்றும் அகத்திய முனிவரைக் காணும் பொருட்டுத் தென்றிசை போந்த சிவயோகியார் ஒருவர், இறந்த மேய்ப்பனைச் சூழ்ந்து பசுக்கள் கதறுதலைக் கண்டு இரங்கி, அவனுடம்பிற் புகுந்தார் என்றும், பின்பு திருவாவடுதுறையில் அரசமரத்தின் கீழ் யோகத்தமர்ந்து திருமந்திரத்தை அருளினார் என்றும் சேக்கிழார் பெருமான் கூறுவர். தமிழிலே யோகத்தை முதன்முதல் விரிவாக எடுத்துரைத்த நூல் எழுந்தமைக்குக் காரணம் பசுக்களின் துயர்கண்டு பிறந்த இரக்கம் என்பதனை யோகம் பயில்வார் ஊன்றி நினைத்தல் வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் இவரைப் போற்றுதலால், அவர்க்கு இவர் முற்பட்டவர் என்பது தேற்றம். அதற்கு மேல் இவரது காலத்தைப் பற்றி அறிஞர் கூறுவன பலதிறப்படும். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா.

திருமந்திரம் ஒன்பது தந்திரங்களை உடையது. அவற்றுள் மூன்றாந் தந்திரம் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புக்களையும் முறையே கூறும். உறுப்புக்களின் பெயரும் வைப்புமுறையும் பதஞ்சலியார் நூலோடு ஒத்தன. ஒவ்வாதது எது என்பதே நாம் நோக்கற்பாலது. பதஞ்சலியார் நியமம் ஐந்தென்பர்: தூய்மை, மனநிறைவு, தவம், ஓதுதல், ஈசுரனிடத்து அர்ப்பணம் என்பன அவை. திருமூலர் நியமம் பத்தென்பர். அப்பத்தனுள்ளே சிவபூசையும், சித்தாந்தக் கேள்வியும் எண்ணப்பட்டுள்ளன. இதனைப் படித்துங் கடந்துபோவார் பலர். சித்தாந்தத்தைக் கேட்டல் என்பது ஆசனத்திற்கு முன்னே, யோகத்தின் இரண்டாம் உறுப்பினுள்ளே வைக்கப்பட்டது. எனவே, பயிற்சி ஒருபுறம் தத்துவம் ஒருபுறம் என்றும், காலையில் அது பிற்பகலில் இது என்றும், விரும்பினார் பிற்பகலில் வீடு செல்லலாம் என்றும் வகுத்தல் திருமூலர்க்கு உடன்பாடன்று. கேளாதவன் இரண்டாம் படியே ஏறாதவன். அவன் மூன்றாம் படியாகிய ஆசனத்தில் நிற்பது எங்ஙனம்?

ஆசனத்திற்கு அவர் ஒதுக்கிய செய்யுட்கள் மிகச் சிலவே. பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, வீரம், சுகாசனம் முதலாக ஏழனைச் சிறந்தனவாக எடுத்து, ஏனைய பல என்று கூறி அமைவர். பிராணாயாமத்திற்குச் செய்யுள் அதனினும் மிகுதி. பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64 மாத்திரை, இரேசகம் 32 மாத்திரை என்று அளவும் வகுத்தனர். இவ்வளவினை நூலிற் கண்டமட்டில் தானே முயல்வார் இடர்ப்படுவர். 64 மாத்திரை மூச்சினை அடக்குதல் ஆசிரியன் அருகிருந்து பல்லாண்டு பயிற்றத் தகுவது. இருநாட் கூட்டத்திலே குருதியழுத்த நோயும் நெஞ்சு நோயும் உடைய முதியோரை முன்னிருத்திக் கொண்டு கற்பிக்கத் தகுவதன்று. இதனை வற்புறுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. உடம்பினை இழிந்ததென்று முன்னர் எண்ணியிருந்து, அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டமை கண்டபின் அதனைப் பேணலானேன் என்று சொன்னவரும் அத்திருமூலரே. கோயிலை இடித்துச் செய்யும் பூசையை அவர் கற்பிக்கவில்லை.

இனிப் பெண்ணைக்கரைக்கு வருவோம். முதற்பதி திருக்கோவலூர். அட்ட வீரட்டங்களுள் அந்தகாசுரனை வதைத்த வீரட்டம் இது. மெய்ப்பொருள் நாயனார் அரசுபுரிந்த ஊரும் இதுவே. அந்நாயனாரைக் கொல்லவந்த முத்தநாதன், வேறெங்கும் இல்லாத ஆகமம் ஒன்றினைக் கொணர்ந்துளேன் என்று சொல்லியே உள்ளே புகுந்தான் என்பது பெரியபுராணம். நாயனார் வேடத்தைப் போற்றிய பெருமை நமக்கு எட்டாத உயரத்தது. எனினும், வேறெங்கும் இல்லாத புதுயோகம் என்று விளம்பரஞ் செய்வாரைக் காணுந்தோறும் முத்தநாதன் கையிலிருந்த புத்தகக் கவளிகை எனக்கு நினைவு வருவதைத் தடுக்க இயலவில்லை.

இவ்வூர் வீரட்டானத் திருக்கோயிலிற் பெரியானைக் கணபதி எழுந்தருளியிருக்கின்றார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குச் செல்லுகின்றனர் என்று கேட்ட ஔவையார், தாமும் உடன்செல்ல விரும்பியும் தொடங்கிய விநாயக பூசையை விரைந்து முடிக்க மனமின்றி இருந்தனரென்றும், பூசைக்கு உவந்த பெருமான் துதிக்கையால் எடுத்து அவ்விருவர்க்கும் முன்னே கயிலையில் விட்டனரென்றும், அப்பொழுது பாடியது விநாயகர் அகவல் என்றும் இவ்வூரார் வழிவழிக் கூறிவருவர். ஔவை என்னும் பெயருடையார் ஒருவரல்லர். சங்கச் செய்யுள் பாடிய ஔவையார் வேறு, அகவல் பாடிய ஔவையார் வேறு என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. அங்ஙனமாயினும் இவ்வூர் வழக்கு பொருளற்றதாகாது. பூசையை முடித்தன்றிப் புறப்படேன் என்றிருந்த ஒரு மூதாட்டியாரைத் தமிழ்நாடு தன் யோக நூல்களுள் தலைசிறந்த ஒன்றற்கு ஆசிரியராகக் கண்டது என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்கது.

அகவலை நாள்தோறும் ஓதுவார் பல்லாயிரவர் உளர். அதனை யோக நூலென்று அறிந்து ஓதுவார் அவருட் சிலரே. பிள்ளைகட்குப் பாடமாக்கும் தோத்திரமென்றே பெரும்பாலார் கருதுகின்றனர். 72 அடிகளை உடைய அச்சிறு பாட்டினுள்ளே மூலாதாரத்துக் கனல், அதனைக் காற்றினால் எழுப்பும் முறை, இடைகலை பிங்கலை, சுழுமுனை, குண்டலி, ஆறு ஆதாரங்கள், அஞ்செழுத்தின் பொருள், முடிவில் எய்தும் மோனம் ஆகிய யாவும் அடங்கியுள்ளன. இப்பொருள்கள் வடநூல்களிலும் உள்ளனவே, ஔவையார் செய்த புதுமை யாது எனின், அவரது நடையை உற்று நோக்குக. காட்டி, உணர்த்தி, அறிவித்து, அருளி என்று வினையெச்சங்கள் ஒன்றனை ஒன்று தொடர்ந்து செல்லுகின்றன. அவ்வினைகளுக்கெல்லாம் எழுவாய் யார்? யோகம் பயிலும் மானுடர் அல்லர். குருவாகி வந்த கணபதியே. கனலை எழுப்பும் அறிவைத் தந்தவரும் அவர், ஆதாரங்களைக் காட்டியவரும் அவர், மோனத்தில் இருத்தியவரும் அவர். யான் அடக்கினேன், யான் எழுப்பினேன், யான் கண்டேன் என்னும் பேச்சு அங்கே இல்லை. இலக்கணத்திலேயே சித்தாந்தத்தை அமைத்துவிட்டனர் ஔவையார். யோகம் உயிர் தன் வலியினாலே செய்து முடிப்பதன்று. அருள் செய்விக்கச் செய்வது. பெண்ணைக்கரையிற் பிற்காலத்துப் பிறந்த சாத்திரங்கள் கூறுவதும் இதுவேயாம்.

சாத்திரங்களுக்குப் போகுமுன் சுந்தரரைப் பற்றி ஒரு வினாவை எழுப்பி விடையும் காணுதல் வேண்டும். அவர் பிறந்த திருநாவலூர் பெண்ணைக்குத் தெற்கே கெடிலநதியின் பக்கத்தில் உள்ளது. அதுவும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததே. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுக்கும் முறையே அப்பரடிகள், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய நால்வரையும் எடுத்துக்காட்டாகக் கூறுதல் நம்முடைய மரபு. அப்பர் உழவாரம் ஏந்தியதும், சம்பந்தர் மகவாக நின்றதும் எளிதின் விளங்கும். சுந்தரர் யோகநெறிக்கு எடுத்துக்காட்டாதல் எங்ஙனம்? அவர் மூச்சையடக்கிக் குகையில் இருந்தாரல்லர்; இருவரை மணந்தார்; பொன்னும் நெல்லும் வேண்டினார்; ஊர்தோறும் நடந்தார். யோகமென்றால் உடம்பின் வளைவென்றே கற்றவர்க்கு இவ்வைப்பு நகைப்பையே விளைக்கும்.

விடை, நம் ஆசிரியர் அந்நெறிக்கு இட்ட பெயரிலேயே உள்ளது. சரியை தாசமார்க்கம், கிரியை சற்புத்திரமார்க்கம், யோகம் சகமார்க்கம், ஞானம் சன்மார்க்கம் என்பது முறை. சகன் என்றால் தோழன். தொண்டன் தலைவனுக்கு எட்ட நிற்பான். மகன் தந்தையை அஞ்சி அணைவான். தோழனோ அருகிருந்து, உள்ளத்தை ஒளியாது, ஒரோவழிப் பிணங்கியும் பேசுவான். தம்பிரான் தோழர் என்று சுந்தரர்க்குப் பெயராயிற்று. யோகம் என்னுஞ் சொல்லுக்குக் கூடுதல் என்பது பொருள். கூடுவார் இருவர் வேண்டும். ஒருவனே இருந்து தன்னைத் தானே அடக்கிக்கொள்வதைத் தவம் என்னலாம், திறமை என்னலாம், யோகம் என்னலாமோ? திருமணப் பந்தரிலே முதியவராய் வந்து ஆளோலை காட்டி வழக்காடித் திருவெண்ணெய்நல்லூர் அருட்டுறைக்கு அழைத்துச் சென்ற இறைவனே சுந்தரர்க்கு யோகத்தைத் தொடங்கிவைத்தான். அங்கும் எழுவாய் இறைவனே என்பதைக் காண்க. அதன்பின் சுந்தரர் கேட்டது யாது? பெண்ணையாற்றைச் சார்ந்த திருத்துறையூரிலே அவர் தவநெறியை வேண்டிப் பாடினார். ஆட்கொள்ளப்பட்டபின் தவத்தை வேண்டுகின்றார்; தவத்தினால் ஆட்கொள்ளலை விலைக்குப் பெறவில்லை. இம்முறைமாற்றம் சிறிதன்று.

சுந்தரர் ஆட்கொள்ளப்பட்ட அதே வெண்ணெய்நல்லூரிற் கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சுவேதவனப்பெருமாள் என்னும் பிள்ளை வளர்ந்தது. பரஞ்சோதி முனிவரால் ஞானம் உபதேசிக்கப்பெற்று மெய்கண்டார் எனப் பெயர்கொண்டு, பொல்லாப் பிள்ளையார் திருமுன் நிட்டையில் இருந்து, சிவஞானபோதம் பன்னிரு சூத்திரங்களையும் அருளிச்செய்தது. சுந்தரர் தவநெறி வேண்டிய அதே திருத்துறையூரினர் சகலாகம பண்டிதர். தம் மாணாக்கர் பலரும் ஒரு சிறுபிள்ளைபாற் சென்று கேட்பதறிந்து சினங்கொண்டு வந்த அவர், ஆணவமலத்தின் இயல்பு யாதென்று வினவினார். பிள்ளையார் விடை கூறாது அவரை அடிமுதல் முடிகாறும் ஒருமுறை நோக்கி வாளாவிருந்தார். கேட்டு நின்ற நிலையே ஆணவத்தின் வடிவு என்று உணர்ந்த பண்டிதர் அடியில் வீழ்ந்து அருணந்தி சிவாசாரியர் ஆயினார். ஒரு நொடியிலே பயிற்சியும் தத்துவமும் ஒன்றாகிய இடம் அது. நூலறிவினால் நிரம்பிய ஒருவர்க்குத் தத்துவம் தம் உடம்பு நின்ற நிலையிலே காட்டப்பட்டது.

அருணந்தியார் செய்த சிவஞானசித்தியாரிற் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரம் நான்கு நெறிகளையும் அவற்றின் பயன்களையும் விரிக்கும். புலன்களை ஒடுக்கி, மூச்சினை நெறிப்படுத்தி, ஆதாரங்களின் இயல்பறிந்து, எட்டுறுப்பினையும் பயின்று செல்லுதல் சகமார்க்கம் என்றும், அதன் பயன் சிவனுருவைப் பெறுதலாகிய சாரூபம் என்றும் அவர் கூறுவர். எனவே மூக்கைப் பிடித்தல் சைவர்க்கு எற்றுக்கு என்பார், தம் சாத்திரத்தையே மறுப்பவராவர். அதே சமயத்தில் சாலோகம், சாமீபம், சாரூபம் என்னும் மூன்றும் பதமுத்தி என்றும், ஞானத்தாற் பெறும் சாயுச்சியமே முடிந்த முத்தி என்றும் அவர் வரம்பு கட்டினர். ஆகவே யோகமே எல்லாம் என்பாரும் சாத்திரத்தோடு முரணுவர். படியை இல்லை என்றலும் பிழை. படியையே மாடமென்று அதில் இருந்துவிடுதலும் பிழை.

ஒன்பதாஞ் சூத்திரத்தின் விரிவிலே அவர் கூறும் அகப்பூசை பற்றி ஒரு சொல். இதயத்தில் அஞ்செழுத்தால் அருச்சித்து, குண்டலியின் கனலை ஓமத்தீயாக ஓம்பி, புருவநடுவில் தியானித்தல் அது. கோயிற் பூசையின் மூன்றுறுப்பும் உடம்பினுள்ளே அமைந்தன. கிரியையும் யோகமும் ஈண்டு பிரிக்கவொண்ணாதபடி கலந்தன. அகவலிலும் அஞ்செழுத்து நெஞ்சினிடத்ததாகவே கூறப்பட்டமை ஒப்புநோக்கத்தக்கது. காலத்தால் எது முன் எது பின் என்று வழக்கிடுவார் இடுக. இவ்விரண்டும் ஒரே ஆற்றங்கரையின் நினைவில் நிலைத்தன என்பது நமக்குப் போதும்.

பதஞ்சலியார் முடிவாகக் கூறும் கைவல்யம், அறியும் புருடன் பிரகிருதியினின்றும் நீங்கித் தனித்து நிற்றலாம். ஈசுரனை அவர் மறுத்தாரல்லர். தியானத்திற்குத் துணையாகக் கொண்டார். சித்தாந்தமோ தனித்து நிற்றலை முத்தியாகக் கொள்ளாது. சார்ந்ததன் வண்ணமாய் நிற்றல் உயிரின் இயல்பாதலின், பாசத்தைச் சார்தல் நீங்கிய உயிர் பதியைச் சாராது நிற்குமாறு இல்லை. பதஞ்சலியாரை இகழ்தற்கு இதனைச் சொன்னோமல்லோம்; அவர் வகுத்த எட்டுறுப்பினையும் நம்மவர் மறுக்காது ஏற்றனர். ஏற்றுச் செலுத்திய இடம் வேறு என்பதே கூறவந்தது. கேட்போர்க்கு இவ்வேறுபாட்டைச் சொல்லாது விடுதல் அவர்க்கு நன்மை செய்தலாகாது.

பின்வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடப்போம். உமாபதி சிவனார் 1313-ஆம் ஆண்டிற் சங்கற்ப நிராகரணம் இயற்றினார். திருமூலர் அமர்ந்த திருவாவடுதுறையிலே ஆதீனம் எழுந்தது. அவ்வாதீனத்துச் சிவஞான முனிவர், 1785-இல் மறைந்தவர், சிவஞானபோதத்திற்கு மாபாடியம் வகுத்தார். கயிறு அறுந்ததில்லை. அறுந்ததுபோலத் தோன்றச் செய்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த ஒரு தற்செயல்.

1895-ஆம் ஆண்டில் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அவர்கள் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டனர். மறு ஆண்டாகிய 1896-இல் விவேகானந்த அடிகளின் இராஜயோகம் என்னும் ஆங்கில நூல் வெளிவந்தது. முன்னது அறிஞர் சிலர் கையிலே தங்கியது. பின்னது உலகெங்கும் பரவிற்று. நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897-இற் சித்தாந்த தீபிகை என்னும் வெளியீட்டைத் தொடங்கி உழைத்தும், 1905-இற் சைவசித்தாந்த மகாசமாசம் தோன்றியும், யோகம் என்றவுடன் உலகம் நினைப்பது பதஞ்சலியார் சூத்திரத்தையே என்றாகிவிட்டது. குறை விவேகானந்தருடையதன்று. நம் நூல்களை நாம் வித்துவான்கள் வாதிடும் பொருளாக வைத்துக்கொண்டு, பயில்வார் கையிற் கொடாமையே குறை.

அதே 1896-ஆம் ஆண்டு பெண்ணைக்கரையில் நிகழ்ந்தது ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். பெரியபுராணத்தைப் படித்து உள்ளம் உருகிய வேங்கடராமன் என்னும் பதினாறு வயதினர், ஆகத்து 29-இல் மதுரையை விட்டு அண்ணாமலையை நாடிப் புறப்பட்டார். கைப்பொருள் போதாமையால் மாம்பழப்பட்டில் புகைவண்டியை விட்டிறங்கி நடந்து அறையணிநல்லூரை அடைந்தார். சம்பந்தர் பாடிய அக்கோயிலுள் அமர்ந்திருக்கையில் ஒரு பேரொளியைக் கண்டதாகப் பின்னர் அவரே கூறினர். நடை சாத்தும் வேளையில் அங்கிருந்து எழுப்பப்பட்டுப் பெண்ணையின் அக்கரையிலுள்ள கீழூர் வீரட்டானத்திற் சென்று மீளவும் அமர்ந்தார். அங்கே காதணியை ஈடுவைத்து 4 ரூபாய் பெற்றுச் செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை சேர்ந்தார். இவரே இரமண மகரிஷி. அவர் கொள்கையைச் சித்தாந்தமென்று நாம் உரிமை பாராட்டவில்லை. பாராட்டின் அவரன்பர் உடன்படார். ஆசனமும் கும்பகமும் பிறர்பாற் கல்லாத ஓரிளைஞர், நாயன்மார் வரலாற்றைப் படித்த அளவிலே, ஔவையார் நினைவுறையும் கோயிலில் தம்மை மறந்திருந்தார் என்பது மட்டும் இந்நிலத்தின் வரலாற்றைச் சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் ஆசனம் முன்னுக்கு வந்தது. 1930-களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடாத்திய திருமலை கிருஷ்ணமாசாரியரும், அவர் மாணாக்கராகிய பி. கே. எஸ். ஐயங்காரும் அதற்குப் பெருங்காரணர். ஐயங்கார் 1966-இல் வெளியிட்ட ஆங்கில நூல் ஆசனங்களைப் படத்தோடு உலகோர் கையிற் சேர்த்தது. பத்தமடையில் 1887-இற் பிறந்த சிவானந்த அடிகள் 1936-இல் இமயச் சாரலில் தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார். 2014 திசம்பர் 11-இல் ஐக்கிய நாடுகள் அவை சூன் 21-ஐ யோக நாளாக அறிவித்தது. 2015 முதல் அது கொண்டாடப்பெறுகின்றது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. முதுகுநோயும் உறக்கமின்மையும் தணியப்பெற்றோர் பலர். நோய் தணிதலைச் சிறுமையென்று சைவர் கூறுதல் ஒவ்வாது. திருவதிகையிலே சூலைநோய் தீர்ந்தன்றோ அப்பரடிகள் நமக்குக் கிடைத்தனர்? ஆயினும் அவர் நோய் தீர்ந்தவுடன் வீடு திரும்பவில்லை.

இனி, மூங்கில்துறைப்பட்டில் இருநாட் கூட்டம் ஒன்று கூட்ட விரும்புவார்க்கு இவ்வரலாறு யாது பயன்படும்? முதல்நாட் காலையில் உடம்பை அசைக்குமுன் இயமநியமங்களைச் சொல்லுக. கரும்புத் தோட்டத்திலும் ஆலையிலும் உழைப்பவர் வருவரேல், அவர்க்கு வேண்டுவது மேலும் உழைப்பன்று. சுகாசனத்தில் நிமிர்ந்திருத்தலும் இயல்பான மூச்சினைக் கவனித்தலும் அமையும். மாத்திரைக் கணக்கினை ஆசிரியர் தமக்குள் வைத்துக்கொள்க. பிற்பகலில் நான்கு நெறிகளையும் சொல்லி, சகமார்க்கம் என்னும் பெயரின் பொருளைச் சுந்தரர் வரலாற்றால் விளக்குக. இவ்வொன்றை மட்டும் கேட்டோர் நன்குணர்ந்து செல்லினும் நாள் வீணன்று. இரண்டாம் நாட் காலையில் அஞ்செழுத்தை இதயத்தில் எண்ணும் அகப்பூசையைத் தீக்கை பெற்றார் ஒருவரைக்கொண்டு அறிவிக்கலாம். வேற்றுச் சமயத்தாரும் வருவர். ஒருவரையும் வற்புறுத்தல் ஆகாது. ஆனால் இந்நிலத்திலே யோகம் எவ்வாறு விளங்கிற்று என்று சொல்லுதல் வற்புறுத்தலாகாது. சொல்லாதிருத்தலே வந்தோரை ஏமாற்றுதலாம்.

ஊரார் கூடுதல் தனியிருந்து பயிலுதலினும் தாழ்ந்ததென்று சில யோகியர் கருதுவர். மெய்கண்டார் கருத்து அதுவன்று. பன்னிரண்டாஞ் சூத்திரத்திலே, மலங்கழுவிய ஞானியர்க்கும் அன்பரோடு கூடியிருத்தலையும், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனத் தொழுதலையும் விதித்தே அவர் நூலை முடித்தனர். ஞானியர்க்கே கூட்டம் வேண்டுமெனின் நமக்கு வேண்டுவது பற்றிக் கூறவேண்டா.

இரண்டாம் நாட் பிற்பகலில் மண்டபத்துச் சொற்பொழிவை நிறுத்திவிட்டு, வந்தோர் அனைவரையும் பெண்ணைக்கரை வழியே திருக்கோவலூர்க்கு அழைத்துச் செல்லுதல் நன்று. அரை நாளிற் சென்று மீளலாம். கீழூர் வீரட்டானத்திற் பெரியானைக் கணபதி திருமுன் அமர்ந்து, ஒருவர் பொருள் சொல்ல ஏனையோர் அகவலை ஓதுக. ஓதுங்கால் வினைகளின் எழுவாய் யாரென்று அடிதோறும் நினைவூட்டுக. 72 அடிகளையும் நிறுத்தி ஓதினும் கால் மணி நேரத்திற்கு மேற்படாது. பொருள் சொல்லுதற்கு ஒரு மணி நேரம் ஆகும். கோயில் நடை சாத்துமுன் முடியுமாறு பொழுதை வரையறுத்துக் கொள்க.